நாயைக் காணவில்லை, பூனை வரவில்லை: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டு நாயைக் காணவில்லை என்றாலும் முதலில் என் படலையைத்தான் தட்டுகிறார்கள். காரணம் என் கெட்டித்தனம் அல்ல. நாயும் பூனையுமாகப் பலவற்றை வளர்த்து, சிலவற்றைத் தொலைத்து, தேடி அலைந்து, கண்டுபிடித்தும் கண்டுபிடிக்காமலும் போன அனுபவம்தான். கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டு நாய் இன்றைக்குத்தான் காணாமற்போயிருந்தால் முதல் மூன்று கேள்விகளைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போங்கள். மிச்சத்தை வந்து படிக்கலாம்.

காணவில்லை என்று தெரிந்தவுடன் முதலில் என்ன செய்வது?

வளவுக்குள் தேடுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, "வளவுக்குள் இருந்தால் எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். தெரியாது. கட்டிலின் கீழ், அலுமாரியின் பின்புறம், விறகுக் கொட்டில், கோழிக்கூட்டின் மறுபக்கம், தண்ணீர்த் தாங்கியின் அடி, கிணறு என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். பாம்பு கடித்த நாயும் வாகனத்தில் அடிபட்ட நாயும் சத்தமே போடாமல் ஓர் இருட்டு மூலையில் போய்ப் படுத்துவிடும். சோறு போட்டு வளர்த்தவர் கூப்பிட்டாலும் எழுந்து வராது.

அடுத்தது அயல் வீடுகள், அதிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். இங்கே ஒழுங்கைக்கு ஒரு வீடாவது, உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, பூட்டிக் கிடக்கிறது. மாதத்தில் ஒரு நாள் யாராவது வந்து திறந்து, கூட்டித் துடைத்து, பூட்டிக்கொண்டு போவார்கள். அந்த அரை மணி நேரத்தில் உள்ளே நுழைந்த பூனை அடுத்த மாதக் கூட்டல்வரை வெளியே வர முடியாது. எங்கள் பூனை ஒன்று அப்படி நான்கு நாட்கள் கிடந்தது. அதன் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை; பின்வளவு மாமிக்குத்தான் கேட்டது. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கதவைத் திறந்து பார்க்கும்வரை அந்த வீட்டில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, வீட்டில் ஒருவரை இருத்தி, படலையைத் திறந்து வைத்துவிட்டு, மற்றவர்கள் நடந்து புறப்படலாம்.

மோட்டார் சைக்கிளில் போனால் விரைவாகத் தேடலாமே?

விரைவாகத் தாண்டிப் போகலாம். இயந்திரச் சத்தத்தில் முனகல் கேட்காது, வேலி இடுக்கில் படுத்திருப்பதும் கண்ணில் படாது. அதைவிட முக்கியமாக, நடந்து போகிறவரைத்தான் ஊர் மறித்து "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்கும். பாதிக் காரியம் அந்தக் கேள்வியிலேயே ஆகிவிடுகிறது. முதல் நாள் நடந்தே தேடுங்கள். தூரத்தில் கண்டதாக யாராவது சொன்ன பிறகு மோட்டார் சைக்கிளை எடுங்கள்.

யாரிடம் விசாரிப்பது?

வீட்டுக்குள் இருப்பவர்களைவிட ஒழுங்கையால் போகிறவர்களிடம். விடியப் பேப்பர் போடும் பையன், பால் கொண்டுவருபவர், சைக்கிளில் மீன் விற்பவர், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண்காரர், குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தில் நிற்கும் சபை ஊழியர்கள், சந்தி ஓட்டோத் தரிப்பிடத்து அண்ணைமார். இவர்கள் ஒவ்வொரு நாளும் அதே பாதையில் அதே நேரத்தில் போவதால், புதிதாக ஒரு நாய் நின்றால் கவனிப்பார்கள். டியூசனுக்குப் போகும் பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த வளவில் எந்த நாய், எது கடிக்கும், எது குரைப்போடு நிறுத்திக்கொள்ளும் என்ற முழு வரைபடமும் அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

பலருக்கு நினைவு வராத ஒருவர் உண்டு: கள் சீவுகிறவர். காலையும் மாலையும் பனை உச்சியிலிருந்து பத்து வளவையும் பார்ப்பவர் அவர். எங்கள் வீட்டுக் கறுவல் பாழ்வளவு ஒன்றில் முள்ளுக்கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றதை எனக்குச் சொன்னவர் அவர்தான். கீழே நின்று மூன்று தடவை அந்த வளவைக் கடந்து போயிருந்தேன்.

கேட்கும்போது "நாயைக் கண்டீர்களா?" என்று கேட்காதீர்கள். நாயை யார்தான் காணவில்லை? "கறுப்பு, நெஞ்சில் வெள்ளை, வால் நுனி வளைந்தது, நேற்றுப் பின்னேரத்திலிருந்து" என்று சொல்லி, கைத்தொலைபேசியில் படத்தையும் காட்டுங்கள்.

எவ்வளவு தூரம் தேடவேண்டும்?

பூனை என்றால் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி 2018 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே அகப்பட்டிருந்தன. நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு மூன்று ஒழுங்கைகள். பூனைக்காக நான்கு சந்தி தாண்டி அலைவதைவிட அந்த இரண்டு ஒழுங்கைகளையே நான்கு தடவை பார்ப்பது நல்லது.

நாயின் தூரம் அது போன காரணத்தைப் பொறுத்தது. எங்கோ பெட்டை பருவத்துக்கு வந்த வாசனையில் போன கடுவன், ஊரிலுள்ள மற்றக் கடுவன்கள் கூடி நிற்கும் இடத்தில் நிற்கும். மெலிந்து, காது கிழிந்து, நாலைந்து நாளில் தானே வரும். வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய் அப்படியல்ல. நேரே ஓடும், களைக்கும்வரை நிற்காது. நின்ற பிறகு எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது. கண் மங்கிய கிழட்டு நாய் மெல்ல நடந்து, திரும்பத் தெரியாமல், பக்கத்திலேயே எங்காவது படுத்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: ரயில்ப் பாதை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம்வரை வரத் தொடங்குவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாதையில் ரயிலே இல்லை. இப்போது தண்டவாளத்துக்கு அண்மையில் உள்ள வீடுகளில் நாய் காணாமற்போனால் அந்தப் பக்கமும் ஒரு தடவை போய்வர வேண்டியிருக்கிறது. மனம் வராதுதான். ஆனால் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது அதைவிடக் கொடியது.

கண்டேன், கூப்பிட்டேன், என்னையே பார்த்துவிட்டு ஓடுகிறது. ஏன்?

பயம். மிரண்ட நாய்க்கு அந்த நேரத்தில் எல்லா மனிதரும் ஒன்றுதான். துரத்தினால் வீதிக்கு ஓடும். ஊர்ப் பொடியன்கள் நல்ல மனதோடு நாலு பக்கமும் வளைத்துப் பிடிக்க வருவார்கள். முதலில் அவர்களை நிறுத்துங்கள்.

பிறகு நிலத்தில் குந்தியிருங்கள். நேரே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, கையில் மீன்தலைச் சோறோ இறைச்சித் துண்டோ வைத்துக்கொண்டு, வீட்டில் பேசும் அதே குரலில் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தவேண்டாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் கயிற்றில் கட்டிக் கூட்டிவாருங்கள். மனிதரை நம்பாத நேரத்திலும் தன் கூட்டாளியை நம்பும். சுற்றிச் சுற்றி மணந்துவிட்டு வாலை ஆட்டினால் அடையாளம் கண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் பாய்ந்து பிடிக்காமல் கழுத்தில் மெல்லக் கயிற்றைப் போடுங்கள்.

பூனையைத் தேடுவதற்குத் தனி முறை உண்டா?

உண்டு: இரவு, மௌனம், கருவாடு.

பகலில் ஒளித்திருக்கும் பூனை ஊர் அடங்கியபின்தான் அசையும். இரவு பத்து மணிக்குப் பிறகும் விடியற்காலை நான்கு மணி அளவிலும் ரோச் லைற்றோடு போங்கள். விளக்கை உங்கள் கண்ணளவில் பிடித்து வேலியடி, கூரை, மதில் இடுக்கு என்று மெல்ல நகர்த்தினால் பூனையின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதே காரணம். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். நடுச்சாமத்தில் வளவுக்குள் வெளிச்சம் தெரிந்தால் நம் ஊரில் யாரும் பூனை தேடுகிறார்கள் என்று நினைக்கமாட்டார்கள்.

வீட்டுக் குசினி யன்னலைத் திறந்து நெத்தலிக் கருவாட்டைச் சுடுங்கள். அந்த வாசனை வேலிகளைத் தாண்டும். அயலூர்ப் பூனைகளும் விருந்துக்கு வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன். பூனைத் தொல்லை தாங்காதவர்கள் அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மீன் சந்தையிலோ கோயில் அன்னதான மடத்தடியிலோ விட்டுவருவது இங்கே பழைய வழக்கம். "அங்கே சாப்பாடு கிடைக்கும்" என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருப்பார்கள். ஒரு வாரமாகத் தடயமே இல்லையென்றால் உங்களுக்குக் கிட்டிய மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். யாரையும் குற்றஞ்சாட்டாமல் போங்கள்.

கிணற்றுக்குள் விழுந்திருந்தால்?

வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரைக் கிணறு வெட்டித்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அதனால் கட்டில்லாத தோட்டக் கிணறும் பற்றை மூடிய பாழ்கிணறும் எங்கும் உண்டு. தேடும்போது சுற்று வட்டாரத்துக் கிணறுகள் அத்தனையையும் எட்டிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: பாழ்கிணற்று விளிம்பு கால் வைத்தால் சரியும்.

விலங்கு நீந்திக்கொண்டிருந்தால் உடனே ஒரு பலகையையோ வாழைக்குற்றியையோ கயிற்றில் கட்டி இறக்குங்கள். தொற்றிக்கொண்டு களைப்பாறட்டும், பிறகு ஆட்களைக் கூப்பிட நேரம் கிடைக்கும். பூனைக்கும் சிறிய நாய்க்கும் கடகத்தின் நான்கு பக்கமும் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லை வைத்து இறக்கினால் தானே ஏறி உட்காரும்; பதறாமல் மெல்ல இழுக்கவேண்டும். பெரிய நாய்க்கு ஏணி தேவைப்படும். பாவிக்காத கிணற்றுக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். உள்ளே காற்றுக் கெட்டிருந்தால் இறங்கியவர் மயங்கிவிடுவார். மாநகர எல்லைக்குள் இருந்தால் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவிடம் உதவி கேட்டுப் பார்க்கலாம்.

திருவிழாக் காலத்தில் நாயை எப்படிக் காப்பாற்றுவது?

நம் செவி 20,000 ஹேர்ட்ஸ்வரைதான் கேட்கும். நாயின் செவி 40,000க்கு மேலும் கேட்கும். கோயில் வெடி நமக்கே நெஞ்சில் அடிக்கிறது என்றால் அதற்கு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் நாய் தேடி வருகிறவர்கள் அதிகம் வருவது தீபாவளிக்கு மறுநாளும், புதுவருடத்துக்கு மறுநாளும், ஊர்க் கோயில் தேர், தீர்த்தம் முடிந்த அடுத்த நாளும்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் சுற்றுவட்டார நாய்களுக்கு வெடி போதாதென்று சனமும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்கின்றன.

வெடி தொடங்குவதற்கு முன்பே நாயை வீட்டின் நடு அறைக்குள் விடுங்கள். யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் போட்டு, படுக்கப் பழைய சேலை ஒன்றை விரித்து வையுங்கள். சங்கிலியில் கட்டி முற்றத்தில் விட்டால் ஒன்று கழுத்து இறுகும், அல்லது சங்கிலியோடு ஓடும்; சங்கிலியோடு ஓடிய நாய் பற்றைக்குள் சிக்கினால் ஓரிடத்திலேயே கிடந்து சாகும். உங்கள் ஊர்க் கோயிலில் எந்தெந்த நாள் வெடி என்பதைத் திருவிழா நோட்டீஸ் வந்தவுடன் கலண்டரில் குறித்துவிடுங்கள்.

மாரியில்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கைகள் வாய்க்காலாகும்போது வாசனைத் தடம் கழுவப்பட்டுவிடுவதால் வழக்கமாகத் திரும்பி வரும் நாயும் தடுமாறும். மேட்டு நிலத்தைத் தேடுங்கள்: கோயில் மண்டபம், பாடசாலை விறாந்தை, வாசிகசாலைத் திண்ணை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழையோடு வந்தபோது பலர் பாதுகாப்பான இடத்துக்குப் போகும் அவசரத்தில் நாயைக் கட்டியபடி விட்டுப் போனார்கள். கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் அவிழ்த்துவிட்டாவது போங்கள். ஆட்டுக் கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் இதுவே.

போஸ்டர் ஒட்டலாமா? ஊர் சிரிக்காதா?

ஊர் சிரிப்பது பெரிதல்ல. வேறொரு தயக்கம் இருக்கிறது, அதைப் பேசாமல் போகமுடியாது. பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு தாய்மார் ஆண்டுக்கணக்கில் வீதியில் இருக்கும் மண் இது. இங்கே "காணவில்லை" என்று பெரிய எழுத்தில் ஒரு தாளைக் கண்டால் நெஞ்சு வேறெங்கோ போகிறது. ஒட்டும் தாளில் நான் அந்தச் சொல்லைத் தலைப்பாகப் போடுவதில்லை. "வழிதவறிய வீட்டு நாய்" என்றோ "இந்தப் பூனையைக் கண்டீர்களா?" என்றோ எழுதுகிறேன். சொல்லவேண்டியதும் சொல்லப்படுகிறது, யாருக்கும் நோவும் இல்லை.

தாளில் ஒரே ஒரு தெளிவான படம், நிறம், ஆணா பெண்ணா, கழுத்துப்பட்டியின் நிறம், கடைசியாகக் கண்ட இடமும் நாளும், தொலைபேசி இலக்கம். அவ்வளவு போதும். நாயின் குணாதிசயங்களைப் பத்து வரிக்கு எழுதினால் சைக்கிளில் போகிறவர் படிக்கமாட்டார். இலக்கம் ஐந்து அடி தூரத்திலிருந்து தெரியவேண்டும். ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள்: உள் காதில் ஒரு மரு, நாக்கில் கறுப்புப் புள்ளி, ஏதோ ஒன்று. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "கடிக்காது, ஆனால் பயப்படும், துரத்தாமல் எங்களுக்கு அழையுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் நல்லது.

சனசமூக நிலைய அறிவித்தல் பலகை, சந்திக் கடை, மில், மிருக வைத்தியரின் வாசல், ஓட்டோத் தரிப்பிடம் ஆகியவை நல்ல இடங்கள். கேட்டுவிட்டு ஒட்டுங்கள். கோயில் மதிலில் ஒட்டவேண்டாம். நாய் கிடைத்தாலும் சண்டை மிஞ்சும்.

முகநூலில் போட்டால் போதாதா?

ஒரு தடவை என் நண்பர் தன் நாயின் படத்தைப் போட்டார். ரொறன்ரோ, பாரிஸ், மெல்பேர்ண் என்று உலகமெல்லாம் பகிர்ந்தார்கள். கண்ணீர்க் குறிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. நாய் நின்றது கொக்குவிலில், அவர் வீட்டிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில். அந்த ஒழுங்கையில் ஒருவரும் அந்தப் பதிவைப் பார்த்திருக்கவில்லை.

போடுங்கள், ஆனால் ஊர்க் குழுக்களில் போடுங்கள்: பழைய மாணவர் வட்ஸ்அப் குழு, விளையாட்டுக் கழகக் குழு, கோயில் தொண்டர் குழு. படத்திலேயே இடம், திகதி, இலக்கம் மூன்றையும் எழுதிவிடுங்கள், ஏனென்றால் படம் மட்டும்தான் கைமாறிப் போகும், கீழே எழுதியது போகாது. கிடைத்தவுடன் "கிடைத்துவிட்டது" என்று அதே இடங்களில் போட மறக்காதீர்கள்.

பொலிஸுக்கோ கிராம அலுவலரிடமோ போவதால் பயன் உண்டா?

களவு என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள்; சாதி நாய்க்கும் ஆட்டுக்கும் இது பொருந்தும். வெறுமனே வழிதவறியது என்றால் கிராம அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. அவரிடம் நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிறார்கள்.

"சபைக்காரர் பிடித்துக் கொன்றிருப்பார்களோ?" என்று வயதானவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். அது முன்பு நடந்ததுதான். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரச கொள்கை. தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதுமே இப்போதைய வழி. உங்கள் பகுதியில் அப்படி ஏதாவது முகாம் நடந்ததா என்று மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ, அல்லது அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். நாயைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்தே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறோம்.

"உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். எழுதாமல் வைத்த அடையாளத்தைக் கேளுங்கள், அல்லது இப்போதே வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் வைத்திருப்பவர் காட்டுவார். மற்றவர் இணைப்பைத் துண்டிப்பார். வாங்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள்.

தேடும்போது வேறு நாய் கடித்துவிட்டால்?

தேடலை அங்கேயே நிறுத்துங்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். "சின்னக் கீறல்தானே, நாய் தெரிந்த நாய்தானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மிரண்ட உங்கள் சொந்த நாய் கடித்தாலும் இதேதான், அதுவும் அது சில நாட்கள் வெளியே அலைந்து வந்ததென்றால்.

கழுத்துப்பட்டி, மைக்ரோசிப், இடங்காட்டும் கருவி: எது நல்லது?

நம் ஊருக்கு முதலில் கழுத்துப்பட்டி. பட்டி கட்டிய நாயை "யாரோ வீட்டு நாய்" என்று ஊர் உடனே பிரித்தறியும். பட்டியில்லாத ஊர் நாயைக் கட்டாக்காலி என்றுதான் நினைக்கும், அது உங்கள் கட்டிலில் படுத்துறங்கும் நாயாக இருந்தாலும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் சிறிய தகட்டில் தொலைபேசி இலக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள். நாயின் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையவேண்டும். பூனைக்கு, இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டிதான் கட்டவேண்டும். கழலாத பட்டியென்றால் முள்ளுக்கம்பியிலும் கிளையிலும் மாட்டித் தொங்கிவிடும்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவில் தோலுக்கடியில் வைக்கப்படும் 15 இலக்க அடையாளம். அதில் மின்கலம் இல்லை, நாய் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. வாசிக்கும் கருவி உள்ள இடத்துக்கு யாராவது கொண்டுபோனால்தான் இலக்கம் தெரியும். சாதி நாய்க்கு உரிமையை நிறுவ உதவும். பிரித்தானியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ கொண்டுபோவதானால் கட்டாயம். ஆனால் ஒழுங்கையில் கண்டெடுக்கும் மனிதரின் சட்டைப்பையில் அந்தக் கருவி இருக்காது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் எயர்டாக் போன்ற சிறிய இடங்காட்டும் கருவிகள் அருகில் நடமாடும் ஆப்பிள் கைத்தொலைபேசிகளை நம்பி வேலை செய்பவை. நகரத்தில் ஏதோ பயன் உண்டு. வடலிக்குள்ளும் தரவையிலும் நின்றால் மாடு மேய்ப்பவரிடம் ஐபோன் இருந்தால்தான் உண்டு. சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி நன்றாக வேலை செய்யும், மின்னேற்றம் தீரும்வரை.

முன்கூட்டியே வேறு என்ன ஆயத்தம் செய்துவைக்கலாம்?

படங்கள். எல்லோரிடமும் நாயின் நூறு படம் இருக்கும், எல்லாம் மடியில் படுத்தபடி, பாதி முகம் தெரிய. நின்ற நிலையில் இரண்டு பக்கமும், முகம் நேராகவும், வாலும் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில் நான்கு படம் இன்றைக்கே எடுங்கள். தடுப்பூசி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். நாய் உங்களுடையது என்பதற்கு அதுவே எளிய சான்று.

அடுத்தது பழக்கம். ஏதாவது ஒரு சத்தத்துக்குச் சாப்பாடு என்று பழக்குங்கள். எங்கள் வீட்டில் பேணியில் கரண்டியால் மூன்று தட்டு. பெயரைக் கூப்பிட்டுப் பயன் இல்லாத நேரத்திலும் பேணிச் சத்தத்துக்கு வந்திருக்கிறது. கருத்தடை செய்த கடுவன் பெட்டை தேடி அலைவது பெருமளவு குறையும். பிறகு, படலைக் கொளுக்கி. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து நிற்கும் வீடுகளில் நாய் போவதற்குக் காரணம் தொண்ணூறு வீதம் இதுதான் என்பேன்: தானே சாத்திக்கொள்ளும் கதவுக்குப் பழகிய பிள்ளைகள் படலையைத் திறந்து போட்டுவிட்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போய்விடுவார்கள். படலையில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மருமக்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

வீடு மாறினோம், நாயைக் காணவில்லை.

பழைய வீட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே நிற்கும்.

எங்கள் வளவுக்குள் ஒரு நாய் வந்து நிற்கிறது. யாருடையதென்று தெரியவில்லை.

தண்ணீர் வையுங்கள். தொடுவதற்கு முன் நடையையும் வாயையும் பாருங்கள். வாய்நீர் ஒழுகி, தள்ளாடி, கண்டதையெல்லாம் கடிக்க வந்தால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அப்படியில்லையென்றால், பெண் நாயாக இருந்தால் முலையில் பால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன, கட்டிவைக்கவே கூடாது.

ஊர் நாய்க்கு ஒரு சுலபமான வழி: விடியற்காலையில் ஒழுங்கை வெறிச்சோடியிருக்கும் நேரம் படலையைத் திறந்துவிட்டு அதன் பின்னாலேயே நடவுங்கள். பல நாய்கள் உங்களை நேரே தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகும். அடிக்கடி வந்துபோகும் பூனையின் கழுத்தில் "இது உங்கள் பூனையா?" என்று எழுதி உங்கள் இலக்கத்தோடு ஒரு காகிதப் பட்டியை ஒட்டிவிடலாம். உரிமைகோரி வருகிறவரிடம் படம் கேளுங்கள். படம் இல்லாத ஏழை வீட்டுக்காரர் என்றால் நாயைக் கேளுங்கள். அது பொய் சொல்லாது.

எத்தனை நாட்கள் தேடுவது?

கேட்கிறவர் எதிர்பார்ப்பது ஓர் எண். என்னிடம் இல்லை. முதல் வாரம் ஒவ்வொரு நாளும், பிறகு மாதம் ஒரு தடவை கேட்டவர்களிடமே மறுபடி கேளுங்கள் என்பேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமமே எழும்பி நாவற்குழி தாண்டி நடந்தபோது அம்மம்மா எங்கள் நாய் வீமனை அவிழ்த்து, படலையையும் திறந்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தோம். வீட்டுக் கூரையில் பாதி இல்லை, வீமனும் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று இருந்துவிட்ட ஒரு கிழவரின் கொட்டிலில் படுத்திருந்ததைக் கண்டோம். எங்களைக் கண்டு துள்ளியது, அழுதது, பின்னாலேயே வந்து மத்தியானச் சோறும் தின்றது. பொழுதுபட்டதும் எழுந்து கிழவரிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு சாகும்வரை அப்படித்தான்: பகல் எங்களோடு, இரவு அவரோடு. அம்மம்மா அதை ஒரு நாளும் கட்டிவைக்க விடவில்லை.

திரும்பி வந்துவிட்டது. இனி?

வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். பட்டினி கிடந்த வயிறு, கஞ்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா, எங்காவது கடிகாயம் இருக்கிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டி விசர்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஏச வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்; எதற்கு அடி என்று அதற்கு விளங்காது, வீட்டுக்கு வந்ததற்குத்தான் என்று நினைக்கும். பிறகு ஒட்டிய தாள்களைக் கிழித்தெடுங்கள். மீன்காரருக்கும், பேப்பர் போடும் பையனுக்கும், மரமேறியவருக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.